கஸ்கற் சொன்ன பொருள்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது திருக்குறளின் மருந்து அதிகாரம். ஆனால் நூலைத் திறப்பதற்கு முன்னர் ஒரு பழைய காரின் பொனற்றைத் திறந்து பார்க்க உங்களை அழைக்கிறேன். காரணம் உண்டு. அந்த அதிகாரத்தை நான் மனனஞ் செய்தது பள்ளிக்கூடத்திலே. விளங்கிக்கொண்டது 1993 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து ஓலைக் கொட்டில் கராச் ஒன்றிலே.

எங்கள் ஐயா வாடகைக் கார் ஓட்டியவர். அவரிடம் இருந்தது மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948 இல் இங்கிலாந்திலே அறிமுகமான கார் வரிசையைச் சேர்ந்தது. 1956 இலிருந்து 1962 வரை வந்த வண்டிகளில் எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். இந்த இலக்கத்தை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருங்கள்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர், குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோல் கண்ணிலே காட்டும் பொருளாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, முழங்காலில் அடிப்பது போன்ற 'டக் டக்' ஓசையுடன் அவை போகும். புதியவை படுத்துவிட்டன, ஒஸ்ரினும் மொறிஸ் மைனருமே ஊரைச் சுமந்தன.

அந்த வருடம் எங்கள் காரிலே தண்ணீர் குறையத் தொடங்கியது. காலையில் றேடியேற்றரை நிரப்புவோம். மாலையில் ஒரு போத்தல் குறைந்திருக்கும். கீழே ஒழுக்கு இல்லை. ஒழுகாமல் குறையும் தண்ணீர் எஞ்சினுக்குள்தான் போகிறது என்பதை அன்று நாங்கள் யோசிக்கவில்லை.

எஞ்சினின் உடலுக்கும் அதன் மேல் அமரும் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு உண்டு. அதுதான் ஹெட் கஸ்கற். நாலு சிலிண்டர்களில் எரியும் நெருப்பு, அவற்றைச் சுற்றி ஓடும் தண்ணீர், மேலேறி இறங்கும் ஒயில் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அது. அது எரிந்துவிட்டால் நெருப்பு தண்ணீருக்குள் போகும். தண்ணீர் நெருப்புக்குள் வரும்.

இதற்குச் சில குறிகள் உண்டு. சூடேறிய பின்னும் ஓயாத வெள்ளைப் புகை முதலாவது. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் கார் எந்நேரமும் வெள்ளைப் புகைதான் விடும். அந்தக் குறி எங்களுக்கு உதவவில்லை. ஒயில் மூடியின் உட்புறத்திலே ரின்பால் தேநீரின் ஆடை போன்ற மஞ்சள் நுரை இரண்டாவது. சூடேறாமல் குறுந்தூரம் ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது படியும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. எஞ்சின் ஓடும்போது றேடியேற்றர் வாயிலே குமிழிகள் இடைவிடாது எழுவது மூன்றாவது. மூடியைத் திறக்க வேண்டியது எஞ்சின் குளிர்ந்திருக்கையிலே. சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

நாங்கள் மூன்றாவது குறியைக் கண்டோம். கஸ்கற் போய்விட்டது என்று தீர்மானித்தோம். தீர்மானம் சரிதான். ஒரு புதிய கஸ்கற்றை, தங்கத்தைப் போல் துணியிலே சுற்றி வைத்திருந்த ஒருவரிடம், அரைமாத உழைப்பைக் கொடுத்து வாங்கினோம். கராச்சுக்குக் கொடுக்கக் காசில்லை. முற்றத்து மாமரத்தடியில் ஐயாவும் நானுமே தலையைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதை வைத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக நட்டுகளை வரிசையாக இறுக்கினோம். கார் ஓடியது. ஐயாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று கிழமை கழிந்தது. ஒருநாள் இரவு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிரசவ வலியோடு பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பாதி வழியில் எஞ்சின் இருமியது, கொதித்தது, நின்றுவிட்டது. விளக்கில்லாத தெருவிலே அந்தப் பிள்ளையின் தாய் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அண்ணை, ஓடுமோ?" என்று கேட்டதை நான் மறக்கவில்லை. ஐயா பதில் சொல்லவில்லை. மரக்கறி ஏற்றி வந்த லான்ட்மாஸ்ரர் ஒன்று கடவுள் போல் வந்து அவர்களைக் கொண்டுபோயிற்று. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் ஐயா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகுதான் அந்த முதிய மெக்கானிக்கிடம் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் எஞ்சினை ஓடவிடவில்லை. முன்னாலே கைபிடியைச் செருகி மெதுவாகச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, "இறுக்கம், இளக்கம், இறுக்கம், இளக்கம்" என்றார். யாப்புப் படித்த எனக்கு அது நேரும் நிரையும் மாறி வருவது போலக் கேட்டது. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் வெடிக்கும் ஒழுங்கு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஒன்றுவிட்டொன்று இளகினால் மூன்றும் இரண்டும் பழுது. அவை அருகருகே இருப்பவை. "நடுவிலைதான் எரிஞ்சிருக்கு" என்றார். நடுச் சிலிண்டர்கள் இரண்டின் புகையும் ஒரே துவாரத்தால் வெளியேறுவதால் சூடு மிகும் இடமும் அதுவே.

தலையைக் கழற்றியபோது அவர் சொன்னபடியே இருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலான ஒடுங்கிய பாகம் கருகி, அங்கிருந்து தண்ணீர்த் துவாரம் வரை கரிக்கோடு ஒன்று போயிருந்தது. நான், "புதுக் கஸ்கற் கூடாத சாமான் போலை" என்றேன். அவர் சிரித்தார்.

"கஸ்கற்றிலை பிழையில்லை, தம்பி. அது செத்தது. கொன்றது ஆரெண்டு பாக்கவேணும். என்ன தண்ணி விடுறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணி."

அவர் றேடியேற்றரைத் தலைகீழாகப் பிடித்தார். வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் நிலம். எங்கள் கேத்தலின் அடியிலே படியும் அதே வெள்ளை, றேடியேற்றரின் குழாய்களையும் அடைத்திருந்தது. தண்ணீர் ஓட வழியில்லை. சூடு தணிய வழியில்லை. உருக்கு அடிமட்டத்தைத் தலையின் முகத்திலே குறுக்கே வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். நடுவிலே கீற்றாய் ஒளி தெரிந்தது. சூட்டினால் தலை வளைந்திருந்தது. வளைந்த முகத்துக்கு எந்தக் கஸ்கற்றும் நில்லாது. மண்ணெண்ணெயின் அந்த 'டக் டக்' ஓசை, நெருப்பு நேரத்துக்கு ஒவ்வாமல் வெடித்து நடுப்பாகத்தை அடிக்கும் ஓசை. போதாததற்கு, நாங்கள் ஓரத்திலிருந்து இறுக்கியது.

அவர் அவசரப்படவில்லை. மின்சாரம் இல்லாததால், தடித்த கண்ணாடியின் மேல் எமரித் தாளை விரித்து, வார்ப்பிரும்புத் தலையை இரண்டு நாள் கையாலே தேய்த்து முகத்தைச் சமப்படுத்தினார். புளியைக் கரைத்து றேடியேற்றருக்குள் விட்டு ஊறவைத்துக் கழுவினார். ஒன்பது நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றிலே, கொஞ்சங் கொஞ்சமாக இறுக்கினார். கையேட்டு அளவு 40 இறாத்தல்-அடி. அவருக்குக் கைதான் அளவு. வால்வு இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டாக வைத்தார். மண்ணெண்ணெய்க்கு ஏற்றவாறு பிளக்கின் பொறியைச் சற்றுப் பிந்தவிட்டார். சூடேற்றி, ஆறவிட்டு, நட்டுகளை மறுபடியும் பார்த்தார். கடைசியாக, "இனிமேல் மழைத்தண்ணி மட்டும்" என்றார்.

இன்று இப்படிப்பட்ட கஸ்கற்றைச் சுரண்டுவோர் ஒன்றை அறிய வேண்டும். அந்தக் காலத்துக் கஸ்கற்றுகளில் செப்புத் தகடுகளுக்கு இடையே இருந்தது அஸ்பெஸ்ரஸ். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். நனைத்துத்தான் எடுக்க வேண்டும். அன்று எங்களுக்கு அது தெரியாது.

இனி நூலுக்கு வருவோம். நோயை ஆராய்ந்து, நோயின் காரணத்தை ஆராய்ந்து, அதைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பின்பு பிழைபடாமல் செய்க என்று வள்ளுவர் கூறும் குறள் எல்லோரும் அறிந்தது. அதன் இலக்கம் 948. எங்கள் எஞ்சினின் இலக்கமும் அதுவே. இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது மறவாமல் இருக்க உதவியது.

நாங்கள் முதற்படியோடு நின்றோம். நோய் இன்னதென்று கண்டோம். அதன் முதல் எதுவென்று கேட்கவில்லை. குறளை ஒப்புவிக்கும்போது நாக்கு அந்த இரண்டாவது சொல்லைச் சுலபமாகக் கடந்துவிடுகிறது. வாழ்க்கையிலும் நாம் கடந்துவிடுவது அதைத்தான். உடைந்தது எதுவோ அதன் மேல் பழியைப் போட்டு, அதை மட்டும் மாற்றிவிட்டு, திருத்திவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். பொதுவாக முதலில் உடைவது மிக மெல்லியது. குற்றம் வேறெங்கோ, நாம் நாள்தோறும் நம் கையாலேயே ஊற்றும் தண்ணீரில் இருக்கும்.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று பார்ப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவர்கள் நாங்களே. அந்த வருடத்து மாரியிலே ஐயா கூரைப் பீலியின் கீழ் ஒரு பெரிய மண்பானையை வைத்தார். அதில் குடிக்க ஒருவருக்கும் அனுமதியில்லை. காருக்கு மட்டும். அதன் பிறகு அந்தக் கார் எந்தத் தாயையும் நடுத்தெருவிலே நிறுத்தவில்லை.