பகலொளியும் உறக்கமும்



ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் உடல் எழ மறுக்கிறது, மனமும் சோர்கிறது. மழைக்காலச் சோம்பல் என்று அதனைத் தள்ளிவிடுகிறோம். அதற்குரிய காரணத்தையே இன்று ஆராய விரும்புகிறோம்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. கண் வழியே புகும் காலை ஒளி நாள்தோறும் அதன் நேரத்தைச் சரிசெய்கிறது. இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைச் சுரந்து, உறங்கும் வேளை வந்ததென அறிவிக்கிறது. அமெரிக்க அறிஞர் ஆரன் லெர்னர் 1958-இல் இப்பொருளைப் பிரித்தெடுத்தது, நம் தொழுவத்தில் நிற்பவை போன்ற மாடுகளின் சுரப்பியிலிருந்தே!

நார்வே நாட்டின் வடகோடியில் மார்கழி முழுதும் சூரியன் உதிப்பதில்லை. அத்தகைய குளிர்நாடுகளில் ஆண்டுதோறும் மாரிக்காலத்தில் வந்து வேனிலில் நீங்கும் மனச்சோர்வை, 1984-இல் நார்மன் ரோசந்தால் முதலியோர் ஒரு நோயென விவரித்தனர். காலையில் பிரகாசமான விளக்கின் முன் அமர்வது அதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்று.

பெரம்பலூரும் அரியலூரும் 11 பாகை வட அட்சத்தில் உள்ளன. இங்கே ஆனியின் நெடும்பகல் ஏறத்தாழ 12¾ மணி. மார்கழியின் குறும்பகல் 11½ மணி. வேறுபாடு மூன்று நாழிகையே. ஆகவே அந்நோயை எண்ணி நாம் அஞ்சவேண்டுவதில்லை. நம் உறக்கத்தைக் கெடுப்பவை வேறு. சித்திரையில் வெக்கை. மழை நாட்களில் வீட்டுக்குள் அடைந்து கிடத்தல். மக்காச்சோளக் கொல்லையில் பன்றிக்காவல், இரவில் நீர் பாய்ச்சுதல், சிமெண்டு ஆலையில் இரவு முறை வேலை ஆகியவை இன்னும் கொடியவை. விடிந்தபின் தகரக் கூரையின் கீழ்ப் படுப்பவனுக்கு உறக்கம் எங்ஙனம் வரும்?

மேகம் மூடிய வானத்தின் கீழும் வீட்டினுள் உள்ளதைவிடப் பன்மடங்கு ஒளி உண்டு. தூறல் விட்டதும் காலையில் அரைமணி நேரமேனும் வெளியே நடமாடுங்கள். பின்னிரவு வரை கைப்பேசியைப் பார்த்தல் வேண்டா. ஒருவரே இரவுதோறும் காவல் இராமல், அண்டைக் கொல்லைக்காரர் முறை வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பருவமாயினும் இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி ஒருவர் வாடினால் அதனைச் சோம்பல் என்று இகழாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அவ்வீட்டில் பூச்சிமருந்து இருப்பின் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருத்தல் நலம். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மத்திய அரசுத் திட்டம் இது. அவ்வெண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், தெருவில் செல்வோர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.