மறைந்தோரை மறவாமை
(பொழிவுரை)



பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் பெருமையைப் பேசத் தொடங்குவோர் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்லுவர், பழுவூரைச் சொல்லுவர், சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தையும் சொல்லுவர். அக் கல்மரம் பல கோடி ஆண்டுகட்கு முன்பு உயிரோடு நின்ற மரம். மரம் மறைந்தது, அதன் வடிவை மண் காத்து வைத்தது. காத்தற்கு மண் முயன்றதில்லை. அஃது இயற்கையின் செயல். மாந்தன் நிலை அத்தகையதன்று. தன்னோடு வாழ்ந்து மறைந்தவரைக் காத்து வைக்க அவனுக்கு அன்பு வேண்டும், முயற்சி வேண்டும், எழுத்தும் வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடத்து, எத்துணைப் பெரியாரும் இரண்டு தலைமுறைக்குள் பெயரற்றுப் போவர்.

இம்மண்ணில் இளமையைக் கழித்து, தமக்குத் தமிழ் தந்தவர்களையும் தம் உயிர் நண்பர்களையும் எழுத்தோவியங்களாகத் தீட்டிக் காத்தவர் ஒருவர் உண்டு. அவர் உ.வே.சாமிநாதையர். தனித்தமிழ் மேடையில் அவரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவக்கூடும். அவர் நடை வடசொல் கலந்த நடை. அவர்தம் தன்வரலாற்றுக்கே 'என் சரித்திரம்' என்றுதான் பெயர். 1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகளார் தொடங்கிய தனித்தமிழ் நெறியை அவர் மேற்கொண்டாரல்லர். இவற்றை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், செய்ந்நன்றி அறிதல் என்னும் தமிழறத்தில் அவரிடம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு. நடையில் வேறுபட்டாரேனும் நன்றியில் அவர் தூய தமிழர்.

1855-ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லார். உடையார்பாளையத்துக் குறுநிலத் தலைவரின் ஆதரவில் விளங்கிய கனம் கிருட்டிணையரிடம் இசை பயின்றவர்; சிற்றூர்தோறும் சென்று இசையோடு கதை சொல்லிக் குடும்பத்தைத் தாங்கியவர். நெல்லும் சிறு பொருளும் கிடைக்கும் ஊர் அவர்க்கு ஊராயிற்று. ஆயின் வறுமை மட்டும் அக்குடும்பத்தை ஊர்விட்டு ஊர் பெயர்க்கவில்லை. மகனுக்குத் தமிழ் கற்பிப்பார் எங்குளர் என்ற தேடலும் பெயர்த்தது.

அந்நாளைய கல்வியின் நிலையை இன்றைய இளைஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூலகம் இல்லை; அச்சு நூல்கள் அரிய. தமிழ், ஆட்களிடம் இருந்தது. ஒரு நூலைக் கற்க வேண்டுமாயின், அந்நூல் அறிந்தார் வாழும் ஊருக்கே குடிபெயர வேண்டும். அரியலூரில் சடகோப ஐயங்கார் இருந்தார். தமிழும் இசையும் வல்ல அவர்தாம் சிறுவனுக்குத் தமிழின்பத்தை முதன்முதல் சுவைக்கக் கொடுத்தவர். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை இருந்தார்; அங்கே திருவிளையாடற் புராணம். கார்குடியில் கத்தூரி ஐயங்கார் இருந்தார், அங்கே நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் இருந்தார். அங்கே யாப்பருங்கலக் காரிகை. ஆட்களுக்கு ஊர் இருப்பது போல நூல்களுக்கும் ஊர் இருந்த காலம் அது!

இவர்கள் யார்? அரசு இவர்கட்குச் சம்பளம் தரவில்லை. பட்டம் எதுவும் இவர்கள் பெயருக்குப் பின் இல்லை. உழுது விளைத்த வீட்டிலிருந்தும், வழிபாட்டுக்கு நடுவிலும், வரவு செலவுக் கணக்குக்கு நடுவிலும் தமிழைக் காத்தவர்கள் இவர்கள். ஆங்கிலம் படித்தால்தான் வாழ்வு என்று நாடே திரும்பிவிட்ட காலத்தில், யாரோ ஒரு பாடகரின் மகனை அமர்த்தி நூற்பாவும் காரிகையும் சொல்லிக் கொடுத்தவர்கள். இவர்களுள் விருத்தாசல ரெட்டியார், தாம் அறிந்ததோடு நிறைவடையாமல், பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று கற்குமாறு மாணவனைத் தூண்டியவரும் ஆவார். தம்மினும் பெரியாரிடம் மாணவனை அனுப்பி வைப்பவரே நல்லாசிரியர்.

(இங்குச் சொல்லப்படும் சாதிப் பட்டங்கள் அந்நாளைய வழக்கு. ஆளடையாளம் தெரிதற்கன்றி வேறெதற்கும் அவை ஈண்டுச் சொல்லப்படவில்லை.)

1871-ஆம் ஆண்டு மயிலாடுதுறையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார் உ.வே.சா. வேங்கடராமன் என்ற பெயரை விடுத்துச் சாமிநாதன் என்று அழைத்தவர் அவ்வாசிரியரே. அவ்வூரிலேயே, நந்தனார் கதையைத் தமிழிசையாக்கிய கோபாலகிருட்டிண பாரதியாரிடம் உ.வே.சா. இசையும் பயிலத் தொடங்கினார். இசையில் நாட்டம் மிகுந்தால் இலக்கியக் கல்வி தளரும் என்று ஆசிரியர் கருதவே, இசைப் பயிற்சியை விட்டார். தந்தையின் கலை மகனிடம் அங்கே நின்றுபோயிற்று. ஆயின் இசைவாணரை அவர் மறந்தாரல்லர். அறுபது ஆண்டுகட்கு மேல் கழிந்த பின்னர், 1936-இல், கோபாலகிருட்டிண பாரதியார் வாழ்க்கையையும் கனம் கிருட்டிணையர் வாழ்க்கையையும் தனித்தனி நூலாக எழுதி வெளியிட்டார். உடையார்பாளையத்தில் தமிழ்ப் பதங்கள் பாடி வாழ்ந்த ஓர் இசைப்புலவரை இன்று நாடு அறிவது, பெரிதும் அந்தச் சிறு நூலால்தான்.

1876-ஆம் ஆண்டு பெப்புருவரி முதல் நாள் திருவாவடுதுறையில் ஆசிரியர் மறைந்தார். சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணவர் அவரைத் தாங்கியிருந்தார், உ.வே.சா. திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார். சைவப் பெரும்புலவர் ஒருவரின் இறுதி மூச்சைத் தாங்கிய கை கிறித்தவ மாணவரின் கை. தமிழ்க் குடும்பத்திற்குச் சமயவேலி இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? இச்செய்தி இன்று நமக்குத் தெரிவது எதனால்? உடனிருந்தவர் தம் தோழரின் பங்கைத் தமதாக்கிக் கொள்ளாமல், தோழர் பெயரைச் சொல்லி எழுதி வைத்தமையால்!

ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் சென்ற பின், 1933, 1934 ஆகிய ஆண்டுகளில், அவர் வாழ்க்கை வரலாற்றை இரு பகுதிகளாக வெளியிட்டார் உ.வே.சா. அதில் புகழ்ச்சி மட்டும் இல்லை. ஆசிரியரின் கடன் இருக்கிறது, வறுமை இருக்கிறது, உணவுக்கும் இடர்ப்பட்ட நாள்கள் இருக்கின்றன. மறைந்தவரைத் தெய்வமாக்கிவிடுதல் எளிது. தெய்வமாக்கிய பின் அவரைப் பற்றி அறிய வேண்டுவது ஒன்றுமில்லை. மாந்தராகவே நினைவு கூர்தல் அரிது. அதற்கு உண்மையான நட்பு வேண்டும்.

இனி நண்பர் இருவரைக் காண்போம். ஒருவர் தியாகராச செட்டியார். குடந்தை அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். 1880-இல் பணியிலிருந்து விலகும்போது, அவ்விடத்திற்கு உ.வே.சா.வே தக்கவர் எனத் தாமே முன்னின்று சொல்லி, அவரை அமர்த்தச் செய்தார். 1888-இல் செட்டியார் மறைந்தார். பின்னாளில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு உ.வே.சா. வைத்த பெயர் 'தியாகராச விலாசம்'. பெற்றவர் பெயரையோ பிள்ளை பெயரையோ வீட்டுக்கு வைப்பது உலக வழக்கு. வேறு குடியிற் பிறந்த நண்பரின் பெயரை வாயிலில் பொறித்து, நாள்தோறும் அப்பெயரின்கீழ் நுழைந்து வெளிவந்தார் அப்பெரியார்.

அவ்வீடு இன்று இல்லை. 2012-ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளப்பட்டது. தமிழ்நாட்டில், தமிழர் கண்முன், சங்கநூல்களை அச்சேற்றியவர் வாழ்ந்த வீடு மண்ணாயிற்று. செங்கல்லும் சுண்ணமும் காக்க முடியாத செட்டியாரின் பெயரை எழுத்துத்தான் காத்து நிற்கிறது.

மற்றொருவர் சேலம் இராமசாமி முதலியார். இவர் முன்சீபு எனப்படும் உரிமைமன்ற நடுவராக அரியலூரில் பணியாற்றி, அங்கிருந்து குடந்தைக்கு மாற்றலாகி வந்தவர். 1880-ஆம் ஆண்டு அத்தோபர் 21-ஆம் நாள் உ.வே.சா. அவரைக் கண்டார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று நீண்ட பட்டியலை உ.வே.சா. சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றுதான் அவர் கேட்டார். இல்லை என்பதைத் தவிர வேறு விடை சொல்ல உ.வே.சா.வுக்கு இயலவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை முதலியார் கொடுத்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது; 1889-இல் பத்துப்பாட்டு; 1892-இல் சிலப்பதிகாரம்; 1894-இல் புறநானூறு; 1898-இல் மணிமேகலை.

முதலியார் 1892-இல் மறைந்தார். புறநானூறும் மணிமேகலையும் அச்சில் வந்ததை அவர் கண்டாரல்லர். இந்நூல்களின் புகழையெல்லாம் தமக்கே உரிமையாக்கிக் கொள்ள உ.வே.சா.வுக்குத் தடையில்லை. அரியலூரிலிருந்து வந்த ஓர் அலுவலர் தம் அறியாமையைச் சுட்டிக் காட்டிய கதையை அவர் எழுதாமல் விட்டிருந்தால், யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆயினும் எழுதினார். தம் பெருமைக்குத் தொடக்கம் ஒரு நண்பரின் கேள்வி என்பதை உலகுக்குச் சொன்னார். தன்னைக் குறைத்து நண்பனை நிறுத்துவதே நினைவேந்தல்; நண்பன் பெயரைச் சொல்லித் தன்னை நிறுத்துவது விளம்பரம்.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அவர் அச்சேற்றிய புறநானூற்றிலேயே, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்த பின்னர், அவன் நண்பர் பொத்தியார் வெறுமையான உறையூருக்குத் திரும்பிக் கலங்கியதைக் காண்கிறோம். பின்னர் அவன் நடுகல்லருகே சென்று தாமும் வடக்கிருந்தார் அப்புலவர். பாரி மறைந்த பின் பறம்பை நோக்கிக் கண்ணீர் விட்டார் கபிலர். அவர்கள் பாடினார்கள், பாடியமையால் அந்நட்புகள் ஈராயிரம் ஆண்டு கடந்தும் வாழ்கின்றன.

1940-ஆம் ஆண்டு, எண்பத்தைந்து அகவையை எய்தும் வேளையில், ஆனந்த விகடன் கிழமையிதழில் தன்வரலாற்றை எழுதத் தொடங்கினார் உ.வே.சா. 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் அவர் மறைந்ததால், அது முற்றுப் பெறாமல் நின்றது. பின்னர் 1950-இல் நூலாயிற்று. தன்வரலாறு என்ற பெயரில் வந்த அந்நூலில் அவர் வரலாற்றைவிடப் பிறர் வரலாறே மிகுதி. அரியலூரும் குன்னமும் கார்குடியும் செங்கணமும் அதில் ஊர்ப்பெயராக மட்டும் வரவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முகம் இருக்கிறது. ஒரு குரல் இருக்கிறது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: தமிழ் கற்பித்தோராக அங்கு வரிசையாக நிற்போர் எல்லாரும் ஆடவர். பெண்களுக்குக் கல்வியை மூடி வைத்திருந்த குமுகாயத்தின் குறை அது. நாம் எழுதும் பட்டியலில் அக்குறை நேரலாகாது.

பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2007-இல் தனி மாவட்டமாய் நிலைத்தது. எல்லைக்கோடு வகுத்தாயிற்று. அவ்வெல்லைக்குள் தமிழ் வளர்த்தோர் பட்டியலை வகுத்தாயிற்றா?

இதே அரியலூர் மண்ணின் கீழப்பழுவூரில் பிறந்த சின்னச்சாமி, 1964-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தில் தம் உடலுக்குத் தீயிட்டு ஈகியானார். ஆண்டுதோறும் சனவரி 25-இல் மாலையிடுகிறோம், முழக்கமிடுகிறோம், கலைகிறோம். அவருக்கு எழுத்தறிவித்தவர் யார், அவரோடு ஒன்றாய் உண்டு உறங்கிய தோழர் யார், அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குச் சினப்பார் என்று ஓர் இளைஞன் கேட்டால், விடை சொல்வார் எத்தனை பேர்? அறிந்தவர்கள் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கின்றனர். ஒருவர் மறையும்போது அவரறிந்த பத்துப் பேர் இரண்டாம் முறை மறைகின்றனர்.

ஆகலின் தனித்தமிழ் உணர்வாளர் செய்ய வேண்டுவது பெரிதன்று. ஒவ்வோர் ஊர்க்கிளையும் ஓர் ஏடு வைத்தல் வேண்டும். அவ்வூரில் தமிழ் கற்பித்தவர், பாடியவர், கூத்தாடியவர், தெருமுனையில் தமிழுக்காகப் பேசியவர், சிறை சென்றவர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஐந்து செய்தி எழுதல் வேண்டும்: பெயர், ஊர், அறிந்தது யாது, யாரிடம் கற்றார், யாருக்குக் கொடுத்தார். ஆணும் பெண்ணும் ஒப்ப எழுதல் வேண்டும். சாதி நோக்காது, சமயம் நோக்காது, கட்சி நோக்காது எழுதல் வேண்டும். புகழ்ச்சியை விடுத்து உண்மையை எழுதல் வேண்டும். தூய தமிழில் எழுதல் வேண்டும். 'சரித்திரம்' என்னும் சொல்லை 'வரலாறு' என மாற்றியதோடு கடமை முடிந்துவிடாது. வரலாறு என்ற சொல்லை வைத்துக்கொண்டு வரலாறு எழுதாதிருப்பவனைக் காட்டிலும், சரித்திரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு குன்னத்தாரையும் செங்கணத்தாரையும் வாழவைத்தவர் தமிழுக்கு மிகுதி செய்தவர் ஆகார் என்று எவர் சொல்ல இயலும்?

மொழி என்பது சொற்குவியல் மட்டும் அன்று. ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுத்ததன் தொடர்ச்சியே மொழி. கொடுத்தவர் பெயரை மறந்த இனம், கொடுத்த பொருளையும் ஒருநாள் இழக்கும். மறைந்தோரை மறவாத இனமே மறையாத இனம்.

வெல்க தமிழ்!