அருவிக்கு மேலே ஓர் ஊர்



வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் செண்பகனூர் அருகே வண்டியை நிறுத்தி, சில்வர் காஸ்கேட் அருவியில் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். படம் எடுங்கள், குடித்துப் பார்க்க வேண்டாம். 1863இல் வெட்டப்பட்ட கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் இப்படி அருவியாக விழுகிறது. மேலே விடுதிகளும் கடைகளும் பெருகப் பெருக, அவற்றின் கழிவும் சேர்ந்தே இறங்குகிறது.

சுற்றுலா வருமானத்தை மட்டும் நம்பாமல், தொழிற்சாலை வந்தால் பிழைப்பு நிரந்தரம் என்ற ஆசையும் ஊருக்கு இருந்தது. 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் ஆலை பெயர்ந்து இங்கே வந்தது; பின்னாளில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2001இல் ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட, ஆலை மூடப்பட்டது.

பாதரசம் பொல்லாதது. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், மழையோடு இறங்கும், சேற்றிலே நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி மீனுக்குள் போகும். ஆலையை ஒட்டிய பாம்பார் சோலையின் ஓடையோ கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. ஏரியிலும் பாதரசத் தடயம் இருப்பதை ஐதராபாத் விஞ்ஞானிகள் 2006இல் வெளியிட்டார்கள்.

2003இல் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது! 2016இல், பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வாதம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.