பட்டியலில் இல்லாதவர்கள்



பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் இனி ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போவீர்கள். சிலர் மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடி தாண்டி பெங்களூருக்குப் பஸ் ஏறுவீர்கள். எங்கே போனாலும் திட்டம் போடுவதுதான் வேலை. அதனால் நன்றாகப் போட்ட ஒரு திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1945இல், தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானியர் அடைத்துவைத்திருந்த போர்க்கைதிகளையும் குடிமக்களையும் மீட்க, அங்கே நேச நாட்டுப் படைகளின் தலைவராயிருந்த மவுண்ட்பேட்டனின் தலைமையகம் ‘ராப்வி’ என்ற அமைப்பை ஏற்படுத்தியது. ஆகஸ்ட் 15இல் ஜப்பான் பணிந்தது. டோக்கியோ விரிகுடாவில் சரணடைவு கையெழுத்தாகும்வரை படை இறங்கக்கூடாது என்பது அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் உத்தரவு. அதற்குள் என்ன செய்ய முடியும்? விமானங்கள் முகாம்களின்மேல் துண்டறிக்கை வீசின: இருக்கும் இடத்திலேயே இருங்கள், வருகிறோம். பின்னாலேயே உணவும் மருந்தும் பாராசூட்டில் இறங்கின. மருத்துவர்களும் குதித்தார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான்.

ஆனால் போரின்போது ஜப்பானியருக்காக 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையைப் போட்டவர்கள் 60,000க்கு மேற்பட்ட கைதிகள் மட்டுமா? மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர் என்று அவர்களைவிடப் பல மடங்கு கூலிகளும் இருந்தார்கள். கைதிகளுக்குத் தங்கள் அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், செத்தவர் பெயரை ஒளித்து எழுதிவைக்க ஒருவர் இருந்தார். தோட்டத்துத் தமிழனுக்கு யார் இருந்தார்கள்? கைதிகளில் பெரும்பாலோர் அந்த ஆண்டு முடிவதற்குள் புறப்பட்டுவிட்டார்கள். கூலிகள் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பாதை சென்ற தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு. தமிழர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு இன்றுவரை உத்தேசம்தான். யாருக்குப் பட்டியல் இருந்ததோ, அவர்களைத்தான் திட்டம் முதலில் தேடிப் போனது என்பது என் முடிவு.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2020 கொரோனா ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்ததை நாடே பார்த்தது. வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்ய 1979லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும், வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற விவரம் இல்லை என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வேலையில் சேர்ந்த முதல் மாதமே, உங்கள் லைனில் நிற்கும் காண்ட்ராக்ட் ஆட்களின் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் சொந்த ஊரும் வீட்டு போன் நம்பரும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், நீங்களே கேட்டு எழுதுங்கள்.