நகரை விட்டு வெளியேறும் நாள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆயர்பாடியிலே பெருமழை பொழிந்தபோது கண்ணபிரான் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்த வரலாற்றை நாம் சிறுவயது முதலே கேட்டு வருகின்றோம். அக்குடையின் கீழ் வலியவர் மாத்திரமா இடம் பெற்றனர்? முதியோரும் குழந்தைகளும், ஆவும் கன்றும் ஒருங்கே நின்றனர். ஒரு பெருநகருக்கு ஆபத்து வருங்கால் அரசாங்கத்தின் குடையும் அவ்வாறு விரிகின்றதா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் முன்னணியில் நிற்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டையே எடுத்துக்கொள்வோம். நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஏறக்குறையப் பாதி கடல் மட்டத்திற்குத் தாழ்ந்தது. அணைகளே அதற்குக் காவல். 2004 யூலை மாதத்தில் அதிகாரிகள் ஒன்றுகூடி, கற்பனைப் புயலொன்றை வைத்து ஒத்திகை பார்த்தனர். அணைகளைக் கடந்து வெள்ளம் புகும், 60,000 பேருக்கு மேல் மாள்வர் என்று அவ்வொத்திகை கணித்தது. ஆகவே, ஆபத்தை எவரும் அறியாதிருந்தனர் என்று சொல்வதற்கில்லை.

அடுத்த ஆண்டே கத்ரீனாப் புயல் வந்தது. 2005 ஓகஸ்ட் 28ஆந் திகதி காலை, யாவரும் கட்டாயமாக வெளியேற வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. மறுநாட் காலை புயல் கரையைத் தொட்டது. பெருந்தெருக்களின் இரு பக்கங்களையும் வெளிச்செல்லும் வழியாக்கியதனால், நகரிலும் சுற்றுப்புறங்களிலும் இருந்து பத்து இலட்சம் பேருக்கு மேல் தப்பினர். இது போற்றத்தக்க ஏற்பாடே. ஆனால் அது மோட்டார் வண்டி உடையவர்க்கான ஏற்பாடு. நகரிலே ஏறக்குறைய நாலிலொரு பங்குக் குடும்பங்களிடம் வண்டி இல்லை. அவர்களை ஏற்றியிருக்கக்கூடிய பஸ் வண்டிகள் நூற்றுக்கணக்கில் தரிப்பிடங்களில் நின்றபடியே வெள்ளத்தில் மூழ்கின. எஞ்சியோர் விளையாட்டு மண்டபத்திலும் மாநாட்டு மண்டபத்திலும் போதிய உணவும் நீருமின்றிப் பல நாள் வாடினர். லூசியானாவில் மாண்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். கட்டளை எல்லோருக்கும் பொதுவாயிருந்தது, வழியோ பொதுவாயிருக்கவில்லை.

கட்டளையிட்டு ஓடச் செய்வதே போதுமா எனின், அதுவுமன்று. அடுத்த மாதமே ரீற்றாப் புயல் ஹூஸ்டன் நகரை நோக்கி வருவதாக அறிந்து, இருபத்தைந்து இலட்சம் வரையான மக்கள் ஒரே வேளையில் புறப்பட்டனர். வெள்ளம் எட்டாத மேட்டில் இருந்தோரும் அஞ்சி ஓடியதால், தாழ்நிலத்தார்க்கு வழியில்லாமற் போயிற்று. எரிபொருள் தீர்ந்து, கொடும் வெயிலில் வண்டிகள் நின்றன. முதியோரை ஏற்றிச் சென்ற பஸ் வண்டியொன்று தீப்பற்றி 23 பேர் மாண்டனர். வெளியேற்றத்தால் நேர்ந்த மரணங்கள் நூறைத் தாண்டின. யார் போக வேண்டும் என்று சொல்வதைப் போலவே, யார் போக வேண்டியதில்லை என்று சொல்வதும் அரசாங்கத்தின் கடமையன்றோ?

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1939 செப்டெம்பர் முதலாந் திகதி தொடங்கி மூன்று நாட்களுள், இலண்டன் முதலிய பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 இலட்சம் பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளைகளின் சட்டையில் பெயர்த்துண்டு தொங்கியது, ஆசிரியர் உடன் சென்றனர், புகையிரதம் காத்திருந்தது. தாயைப் பிரிந்த பிள்ளைகளின் துயரத்தை நாம் மறைக்கவில்லை. எனினும், வண்டியில்லாதவன் கைவிடப்படவில்லை.

அமெரிக்கரும் பாடம் படித்தனர். வளர்ப்புப் பிராணிகளை விட்டுவர மனமின்றிப் பலர் வீட்டிலேயே தங்கியதைக் கண்டு, அவற்றையும் வெளியேற்றத் திட்டத்திற் சேர்க்குமாறு 2006இல் சட்டம் இயற்றினர். ஆயர்பாடியின் ஆநிரை இங்கே நமது நினைவுக்கு வருகின்றது. 2008இல் குஸ்தாவ் புயல் வந்தபோது, நியூ ஓர்லியன்சில் வண்டியில்லாதோரைப் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் ஏற்றி அனுப்பினர். பின்னர், மக்கள் வந்து கூடவேண்டிய இடங்களிலே கையை உயர்த்தி நிற்கும் உருக்குச் சிலைகளையும் நாட்டினர். ஆயினும், 2021இல் ஐடாப் புயல் விரைந்து வலுத்தபோது, நகர் முழுவதையும் வெளியேற்றக் காலம் போதவில்லை. ஆகவே, ஒரு திட்டத்தை எழுதி முடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட முடியாது. ஆண்டுதோறும் அதைத் திருத்துதல் வேண்டும்.

இது பிறர் கதையன்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடல்கோள் நமது கரைகளை அழித்தபோது, முன்னறிவிப்பு எதுவும் மக்களுக்கு எட்டவில்லை. அதன் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் பிறந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றிற்று. எச்சரிக்கையை ஒலிக்க அரசாங்கத்தால் முடியும். ஆனால் மூன்றாம் ஒழுங்கையில் படுக்கையில் கிடக்கும் பாட்டியை அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

எனவே இளைஞர்களே, இச்சங்கம் இவ்வாண்டு ஒரு பணியை ஏற்குமாறு வேண்டுகின்றோம். நம் ஒவ்வொரு வட்டாரத்திலும் நடக்கமாட்டாதோர், தனித்திருப்போர், வாகனமில்லாதோர் யார் யார் என்று பட்டியல் எழுதுவோம். சாதி, சமயம் பாராது எழுதுவோம். ஒரு பிரதியைக் கிராம சேவகரிடம் கொடுத்து, மற்றொன்றை நாமே வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை புதுக்குவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரைத் தூக்கிச் செல்லும் இருவர் பெயரையும் எழுதுவோம். மலையைத் தூக்கும் ஆற்றல் நமக்கில்லை. ஒரு முதியவரைத் தூக்கும் தோள் உண்டு.