கண்ணைத் திறந்து குடுங்க

(மதுரையில் ஐம்பது ஆண்டுகளாகப் படம் எடுத்துவரும் ஒரு ஸ்டூடியோ போட்டோகிராபரின் பேச்சு. எபிசோடின் எழுத்து வடிவம், சற்றே திருத்தப்பட்டது.)

நான் பேச வர்றதுக்கு முன்னாடி நீங்க அனுப்பின கேள்விகளை இந்தத் தம்பிங்க எனக்கு அனுப்பியிருந்தாங்க. முக்கால்வாசிக்கு மேல ஒரே கேள்விதான். "சார், எந்த கேமரா வாங்கலாம்?" இதுக்கு நான் பதில் சொன்னா நீங்க வாங்கிட்டு, மூணு மாசம் கழிச்சு வேற கேமரா வந்ததும் என்னைத் திட்டுவீங்க. அதனால என்கிட்ட என்னென்ன இருந்தது, அதெல்லாம் என்ன ஆச்சுன்னு சொல்றேன். அதுல ஏதாவது உபயோகப்பட்டா எடுத்துக்கோங்க.

எனக்கு 67 வயசு. 1974ல, பத்தாவது முடிச்ச கையோட அப்பாவோட ஸ்டூடியோவில் உட்கார்ந்தேன். அங்க இருந்தது ஒரு யாஷிகா மேட் 124 ஜி. ரெண்டு கண்ணு கேமரா. மேல இருக்கிற லென்ஸ் நாம பார்க்க, கீழ இருக்கிறது பிலிம் பார்க்க. ஒரு ரோலுக்கு 12 படம், சதுரமா வரும். அதில் பார்த்தா இடது வலது மாறித் தெரியும். ஆள் இடது பக்கம் போனா நமக்கு வலது பக்கம் போவார். பழகுறதுக்கே ஆறு மாசம் ஆச்சு. பிலிம் பெரும்பாலும் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிச்ச 'இந்து' பிலிம். நம்ம ஊர் மலையில் தயாரான பிலிம்ல நம்ம ஊர் முகங்கள். அதை அப்போ பெருசா நினைச்சதில்ல.

அந்த கேமராவை வயித்துக்கு நேரா வச்சு, தலையைக் குனிஞ்சுதான் படம் எடுக்கணும். கல்யாண வீட்ல அது தொந்தரவு. ஆனா சாவு வீட்ல அதைவிட நல்ல கேமரா கிடையாது. எதிர்ல அழுதுட்டு இருக்கிறவங்களை நாம நேரா முறைச்சுப் பார்க்க வேண்டியதில்ல. குனிஞ்சு நிக்கிறவனைப் பார்த்தா அவனும் துக்கத்துக்கு வந்தவன் மாதிரிதான் தெரியும்.

உங்கள்ல பல பேருக்கு இது தெரியாம இருக்கலாம். அப்பல்லாம் சாவு வீட்டுக்கு போட்டோகிராபரைக் கூப்பிடுவாங்க. இறந்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வச்சு, சுத்தி குடும்பம் மொத்தமும் நிக்கும். நிறைய பேருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் படம், அதுவேதான் கடைசிப் படம். பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள வீட்ல மாட்ட படம் வேணும். அதுக்காகக் கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுவாங்க: "கண்ணைத் திறந்து குடுங்க."

அதுதான் எங்க கடையோட பேரே. அப்பா டச்சிங்ல கெட்டிக்காரர். மூடின கண்ணு இருக்கிற படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு, இமை மேல மெல்லிய பிரஷ்ஷால கண்ணு வரைவார். நாடிக்கட்டை அழிச்சு, நெத்தியில் ஒட்டின காசை எடுத்து, ஒரு காலர் சட்டையும் போட்டு விடுவார். அப்புறம் அந்தப் பிரிண்ட்டையே மறுபடி படம் எடுத்து அதிலிருந்து காப்பி போடுவோம். ஆனா பார்த்தே இராத ஒரு ஆளோட கண்ணை எப்படி வரையறது? இறந்தவரோட தம்பியோ மகளோ வந்தா அப்பா அவங்களை வெளிச்சத்துல உட்கார வச்சு பத்து நிமிஷம் பேச்சுக் குடுப்பார். ஊர்ல மழை எப்படி, நெல்லு என்ன விலைன்னு. அவங்க கண்ணைப் பார்த்துட்டே இருப்பார். அதை மனசுல வச்சு வரைவார். படத்தை வாங்க வந்தவங்க, "எங்க அப்பா இப்படித்தான் பார்ப்பாரு"ன்னு கடையிலேயே உட்கார்ந்து அழுதிருக்காங்க. அது மகளோட கண்ணுன்னு அந்த மகளுக்கே தெரியாது.

பின்னாடி நானும் கத்துக்கிட்டேன். எத்தனை கண்ணு திறந்திருப்பேன்னு கணக்கு இல்ல.

அப்பா 1986ல போனார். மாரடைப்பு. கடையிலேயே சாஞ்சுட்டார். வீட்டுக்குக் கொண்டு வந்து கிடத்தினதும் பெரியப்பா என்னைப் பார்த்து, "ஏன்டா, ஊருக்கெல்லாம் எடுக்குறே, உங்கப்பனை எடுக்க மாட்டியா"ன்னார். நான் உள்ள போய் கேமராவை எடுத்துட்டு வந்தேன். குனிஞ்சேன். அந்தக் கண்ணாடியில் அப்பா முகம் தெரியுது. அப்போ எனக்குள்ள என்ன ஓடினதுன்னு உண்மையைச் சொல்றேன். 'வாசப் பக்கத்து வெளிச்சம் ஒரு கன்னத்துல மட்டும் விழுது, அரை ஸ்டாப் கூட்டணும்.' இதுதான் ஓடினது. அழுகை வரல. நாலு படம் எடுத்தேன், நாலும் கச்சிதமா வந்தது.

ரொம்ப வருஷம் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, நாம மனுஷன்தானாங்கிற கேள்வி உள்ள இருந்தது. ஒரு தடவை ஓவியக் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருத்தன் கடைக்கு வந்தான். அவன்கிட்ட எப்படியோ வாய் விட்டுட்டேன். அவன் சொன்னான், பிரான்ஸ்ல மோனேன்னு பெரிய ஓவியர், 1879ல மனைவி இறந்து கிடந்தப்போ அந்த முகத்துல நிறம் எப்படி எப்படி மாறுதுன்னு தன் கண்ணு தானா அளந்துட்டு இருந்ததைக் கவனிச்சு அவரே ஆடிப் போயிட்டாராம். அந்தப் படத்தை வரைஞ்சும் இருக்கார். எனக்கு ஆறுதலாத்தான் இருந்தது. அந்தப் பையனுக்கு பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காசு வாங்கல.

சரி, கேமராவுக்கு வர்றேன். 1988ல ஒரு நிக்கான் எஃப்எம்2 வாங்கினேன், செகண்ட் ஹேண்ட். இன்னிக்கும் பிலிம்ல கத்துக்கணும்னு யாராவது வந்தா அதைத்தான் கையில் குடுப்பேன். அதோட ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். வெளிச்சம் அளக்குற மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. பேட்டரி செத்தாலும் கேமரா ஓடும். பாடி கிடைச்சது, ஆனா நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ் இல்ல. 1991ல ஒரு 85 எம்எம் எஃப் 2 லென்ஸ் விலைக்கு வந்தது. என்கிட்ட காசு இல்ல. வீட்டுக்காரம்மா ரெண்டு வளையலைக் கழட்டி மேசை மேல வச்சா. ஒரு வார்த்தை பேசல. அடகுக் கடைக்குப் போயிட்டு வந்து ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னா, "அது திரும்ப வரலைன்னா அந்த லென்ஸை என் கழுத்துல மாட்டி விடுங்க." வளையல் திரும்ப வந்தது, நாலு வருஷம் ஆச்சு.

புது லென்ஸ் வந்தா முதல்ல டெஸ்ட் பண்ணணும். போகஸ் சரியா விழுதா, ஓரத்துல மங்குதா, எந்த ஸ்டாப்ல ஷார்ப்பா இருக்குன்னு பார்க்கணும். செவுத்தைப் பார்த்து எடுக்கலாம், ஆனா முகத்துல பார்க்கிற மாதிரி வராது. கண்ணு ஷார்ப்பா இருக்கும்போது காது எவ்வளவு மங்குதுன்னு தெரியணும்ல. அதனால அவளைத்தான் நிறுத்துவேன். "சும்மா நில்லு, ரெண்டு நிமிஷம்." அடுப்புல குக்கர் இருக்கும். ஈரக் கையோட வந்து நிப்பா. ரிப்பேருக்குப் போய்த் திரும்பின லென்ஸ், கூட்டாளிகிட்ட இரவல் வாங்கினது, விற்க வந்தது எல்லாத்துக்கும் அவதான். நெகட்டிவ் கவர் மேல பென்சில்ல எழுதி வைப்பேன்: '85, எஃப் 2, 60ல, போகஸ் முன்னாடி விழுது.' அவ பேரை ஒரு கவர்லயும் எழுதினதில்ல.

2006ல டிஜிட்டலுக்கு மாறினேன், நிக்கான் டி200. அதைப் பத்தி நிறைய பேச ஒண்ணும் இல்ல. வேலை சுலபமாச்சு, ஸ்டூடியோவில் டார்க் ரூம் குடோன் ஆச்சு. டெஸ்ட் பண்றதும் சுலபம். அவளை நிறுத்தி எடுப்பேன், ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பார்ப்பேன், சரின்னா அங்கேயே டிலீட். 2006க்கு அப்புறம் அவளை வச்சு எடுத்த டெஸ்ட் படம் ஒண்ணுகூட இல்ல.

அவளுக்குப் புற்றுநோய்னு தெரிஞ்ச பிறகு ரெண்டு வருஷம் இருந்தா. மருந்துல முடி எல்லாம் கொட்டிருச்சு. ஒரு நாள் சாயங்காலம் மாடி ஜன்னல் ஓரத்துல உட்கார்ந்திருந்தவ, "என்னங்க, ஒரு படம் எடுங்களேன்"னா. முப்பத்தஞ்சு வருஷத்துல அவளா கேட்டது அது ஒரு தடவைதான். நான் சொன்னேன், "முடி வளரட்டும்மா, நல்லா எடுத்துரலாம்." அவ சரின்னுட்டா.

முடி வளரல.

அவ போன அன்னிக்கு போஸ்டருக்குப் படம் வேணும்னு பையன் கேட்டான். போட்டோகிராபர் வீடு. கம்ப்யூட்டர்ல, சிடியில, ஹார்ட் டிஸ்க்ல ஊர்ப்பட்ட கல்யாணம் கிடக்கு. இவ தனியா இருக்கிற படம் இல்ல. கல்யாண வீடுகள்ல எனக்கு லைட் பிடிச்சுட்டு ஓரமா பாதி முகம் தெரியும், அவ்வளவுதான். கடைசியில பையன் போன்ல எடுத்த ஒரு குரூப் போட்டோவிலிருந்து அவளை வெட்டி எடுத்துப் போட்டோம். எத்தனையோ பேருக்கு நான் செஞ்ச வேலை. அதை பிரிண்டிங் கடைப் பையன் ரெண்டு நிமிஷத்துல முடிச்சான்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கடையைத் திறக்கல. எல்லாத்தையும் வித்துரலாம்னு தோணிச்சு. ஹோமாய் வியாரவல்லாவை அப்போ அடிக்கடி நினைச்சுப்பேன். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். காந்தியோட இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்தவங்க. அவங்களுக்கு கேமரா கத்துக் குடுத்தவர் கணவர் மானக்‌ஷா. அவர் 1969ல இறந்தார். 1970ல அந்தம்மா தொழிலையே விட்டுட்டாங்க. புதுசா வந்த போட்டோகிராபர்களோட நடத்தை பிடிக்கலைன்னுதான் அவங்க காரணம் சொன்னாங்க. இருக்கலாம். 2012ல, 98 வயசுல போறவரைக்கும், நாப்பது வருஷத்துக்கு மேல அந்தத் தொழில் பக்கம் திரும்பல. அவங்களால முடிஞ்சது. எனக்கு வேற வேலை தெரியாது.

விக்கிறதுக்காகப் பரண்ல இருந்து எல்லாத்தையும் இறக்கினப்போதான் அந்த பிஸ்கட் டப்பா கிடைச்சது. டெஸ்ட் நெகட்டிவ். லைட் டேபிள்ல வச்சு லூப்ல பார்த்தேன். கவர் கவரா அவதான். நூறுக்கு மேல இருக்கும். ஒண்ணுல நைட்டி மேல துண்டு, ஒண்ணுல கையில் கரண்டி. மகன் வயித்துல இருந்தப்போ ஒண்ணு. எதுலயும் சிரிக்கல. 'முடிஞ்சதா, போகலாமா'ன்னு ஒரு பார்வை. அந்தப் பார்வை எனக்கு அவ்வளவு பழக்கம், ஆனா அதைப் படமா எடுக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல. எல்லாம் பிலிமுக்குத் தானா விழுந்தது.

அதுல ஒண்ணைப் பெருசாக்கி மாட்டியிருக்கேன். 85 எம்எம், எஃப் 2, அந்த லென்ஸ்ல எடுத்த முதல் ரோல். போகஸ் தப்பு. கண்ணுல விழாம, முன்னால வந்து விழுந்த முடிக்கத்தையில விழுந்திருக்கு. கையில் வளையல் இல்ல. "டச்சிங் பண்ணி கண்ணை ஷார்ப் ஆக்கிரலாம்பா, இப்பல்லாம் ஏஐ இருக்கு"ன்னு பையன் சொன்னான். வேணாம்னுட்டேன். பண்ணிப் பார்த்தேன்ங்கிறதையும் சொல்லிடறேன். கண்ணு பளிச்சுன்னு வந்தது. அது யாரோ.

யாஷிகாவைப் பக்கத்து ஊர் காலேஜுக்குக் குடுத்துட்டேன். டி200ஐ வித்துட்டேன். எஃப்எம்2வும் 85ம் இருக்கு. அந்த லென்ஸ்ல பங்கஸ் வந்திருச்சு, உள்ள வலை பின்னின மாதிரி. என் தப்புதான். ரெண்டு வருஷம் தோல் உறையிலேயே போட்டு பீரோவில் வச்சுட்டேன். தோல் உறை ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அது பங்கஸுக்குக் கொண்டாட்டம். நீங்க அப்படி வைக்காதீங்க. காத்துப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைங்க. அரிசியில் புதைக்கச் சொல்லி யாராவது சொன்னா கேட்காதீங்க, தூசிதான் மிச்சம். முக்கியமா, மாசம் ஒரு தடவையாவது வெளிய எடுத்துப் படம் எடுங்க.

ரிப்பேர்காரர் பிரிச்சுப் பார்த்துட்டு, கோட்டிங்கைக் கொஞ்சம் அரிச்சிருக்கு, முழுசா போகாதுன்னார். இருக்கிற வரைக்கும் துடைச்சுக் குடுங்கன்னு சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் வந்துரும். வந்ததும் டெஸ்ட் பண்ணணும். யாரை நிறுத்துறதுன்னு தெரியல. பேத்தி வர்றேன்னா, ஆனா அவளுக்குப் பரீட்சை நடக்குது. பார்ப்போம்.