வணிக வழக்கறிஞர் சங்கமும் சிறு பட்டறையின் நிலுவையும்



புனே நகரை அடுத்த பிம்பிரி-சிஞ்ச்வட் பகுதியில் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்க்கலாம். மூன்று கடைசல் இயந்திரங்கள், எட்டுத் தொழிலாளர்கள், உதிரிப் பாகங்களை வாங்கும் பெரிய நிறுவனம் ஒன்று. சரக்கு போய்ச் சேர்ந்தது. குறை எதுவும் கூறப்படவில்லை. ஆயினும் ஆறு திங்களாகியும் பணம் வரவில்லை. வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. கூலி நாள் தவறாமல் வந்து நிற்கிறது. பட்டறை உரிமையாளர் வழக்கறிஞர் ஒருவரை நாடிச் செல்கிறார். அங்கு அவருக்குக் கிடைக்கும் ஆலோசனையைப் பொறுத்தே அந்தப் பட்டறை பிழைப்பதும் மூடப்படுவதும் அமையக்கூடும்.

வணிகச் சட்டத்தில் ஈடுபட்ட வழக்கறிஞர்கள் சங்கமாகக் கூடுவதும், சொற்பொழிவுகள் நடத்துவதும், இளையோருக்குப் பயிற்சி அளிப்பதும் அத்தொழிலினரின் சொந்த விவகாரம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. இக்கருத்து சரியன்று. சட்டம் அடிக்கடி மாறும் காலத்தில் வழக்கறிஞரின் தொடர்கல்வி சிறுதொழில் வளர்ச்சியின் ஓர் அங்கமாகிவிடுகிறது. சாலையும் மின்சாரமும் வங்கிக் கடனும் எவ்வாறு தொழிலுக்குத் தேவையோ, அவ்வாறே சரியான சட்ட ஆலோசனையும் தேவை. இதற்குப் புனே நகரைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

புனேயின் மரபு

1875ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், புனே மாவட்டத்துச் சூபா கிராமத்தில் குடியானவர்கள் திரண்டு, லேவாதேவிக்காரர்களின் கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் கைப்பற்றிக் கொளுத்தினர். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. அவர்கள் பத்திரங்களையே குறிவைத்தது கருதத்தக்கது. எழுத்தறியாதவரின் ஒப்புதலைப் பெற்ற அந்தக் காகிதமே, நீதிமன்றத்தில் அவருடைய நிலத்தைப் பறிக்கும் கருவியாக இருந்தது. விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பின்னர், 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. பத்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்காமல், கடனின் வரலாற்றை ஆராயும் கடமையை அது நீதிமன்றத்துக்கு விதித்தது. சமரசர்களை ஏற்படுத்தியது. சிறு தொகை வழக்குகளில் வழக்கறிஞர்கள் தோன்றுவதைக் கட்டுப்படுத்தவும் செய்தது. சட்டம் கற்றவர் எளியவருக்குத் துணையாக இருப்பார் என்ற நம்பிக்கை அந்நாளில் போதிய அளவு இல்லை என்பதையே இது காட்டுகிறது.

அந்த நம்பிக்கையை உண்டாக்க முயன்ற சட்ட அறிஞர்களும் அதே நகரில் இருந்தனர். மக்களால் ‘சார்வஜனிக் காகா’ என அழைக்கப்பட்ட கணேஷ் வாசுதேவ் ஜோஷி ஒரு வழக்கறிஞர். 1870 ஏப்ரல் 2ஆம் நாள் தொடங்கிய பூனா சார்வஜனிக் சபைக்கு அவரே மூலவர். வழக்குகளைக் குறைந்த செலவில் பேசித் தீர்ப்பதற்கான நடுவர் மன்றங்களை ஏற்படுத்தும் முயற்சியிலும் சபையினர் ஈடுபட்டனர். 1871இல் நீதிபதியாகப் புனேக்கு வந்த மகாதேவ கோவிந்த ரானடே, சபையின் பொருளாதார ஆய்வுகளுக்கு வழிகாட்டினார். பிற்காலத்தில் 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சிறப்பு நீதிபதியாகவும் பணியாற்றினார். 1892இல் தக்காணக் கல்லூரியில் இந்தியப் பொருளாதாரம் பற்றி அவர் ஆற்றிய உரை, அத்துறை பயில்வோர் இன்றும் எடுத்துப் பேசும் உரையாகும். கடன், நிலம், தொழில், நீதி ஆகியவற்றை அவர் தனித்தனித் துறைகளாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

இம்மரபு பின்னர் நிறுவனங்களாக உருப்பெற்றது. 1923இல் இந்தியச் சட்டச் சங்கம் புனேயில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் சட்டக் கல்லூரி தொடங்கப்பெற்றது. நாட்டின் தலைமை நீதிபதிகளாக விளங்கிய பி. பி. கஜேந்திரகட்கர், ஒய். வி. சந்திரசூட் ஆகிய இருவரும் அக்கல்லூரியில் பயின்றவர்களே. 1934இல் மராத்தா வணிகத் தொழில் சபை ஏற்பட்டது. 1954இல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அமைந்தபின், வாகனத் தொழிலும் பொறியியல் தொழிலும் இப்பகுதியில் பெருகின. ஒரு பெரிய தொழிற்சாலையைச் சுற்றிப் பல சிறு பட்டறைகள் என்பதே இங்குள்ள தொழில் அமைப்பு. ஆகவே, வாங்குவோர் பணத்தைத் தாமதித்தால் அதன் சுமை பட்டறைகளின் மீதே இறங்குகிறது.

மாறிவரும் சட்டம்

பட்டறை உரிமையாளரிடம் மீண்டும் வருவோம். அவருக்குச் சட்டத்தின் துணை இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் தவணை எழுதப்பட்டிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, திங்கள்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். மாநில அரசு அமைக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். மன்றம் முதலில் சமரசம் பேசும். அது பயன் தராவிடில் நடுவர் தீர்ப்புக்கு விடும். அத்தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் செல்ல விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகச் செலுத்தியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, அதைச் செலுத்தும் ஆண்டு வரையில், வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க இயலாது என அது விதித்தது.

இவ்வளவு உரிமைகள் ஏட்டில் உள்ளன. இவற்றைப் பயன்படுத்துவதற்கோ தொடர்ந்த படிப்பு வேண்டும். பட்டறை எப்போது பதிவு செய்யப்பட்டது என்பதை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத்துக்குப் பின்னர்ப் பதிவு செய்துவிட்டு, முன்தேதிக்கும் பயன் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மற்றோர் அமர்வு இக்கேள்வியை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. எது குறுந்தொழில், எது சிறுதொழில் என்ற வரம்புகளும் 2020இல் ஒருமுறை, 2025 ஏப்ரல் முதல் மறுமுறை என உயர்த்தப்பட்டுள்ளன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் படித்ததைக் கொண்டு இன்று ஆலோசனை கூறுவது ஆபத்தானது.

அறியாமையின் விலை

நீதிமன்ற நடைமுறையிலும் இதே நிலை. வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015இல் வந்தபோது, ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளே அதன் வரம்பில் அடங்கின. 2018இல் அவ்வரம்பு 3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. இதனால் சிறு பட்டறையின் 5 லட்ச ரூபாய் நிலுவையும் வணிக வழக்காகிவிட்டது. சாதாரண உரிமையியல் வழக்குகளில், பதிலுரை தாக்கல் செய்யத் தாமதமானால் தக்க காரணம் காட்டிப் பொறுத்தருளும்படி கேட்பது நெடுங்காலப் பழக்கம். வணிக வழக்கிலோ அழைப்பாணை கிடைத்த 120 நாட்களுக்குப் பின்னர்ப் பதிலுரை தரும் உரிமையே அற்றுப்போகும். நீதிபதி விரும்பினாலும் காலத்தை நீட்டிக்க இயலாது. இதுவன்றி, அவசர இடைக்கால நிவாரணம் கோராத வணிக வழக்குகளில், வழக்குத் தொடுக்கும் முன்பே சமரச முயற்சி மேற்கொண்டாக வேண்டும். இது கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. அம்முயற்சியின்றித் தாக்கலாகும் மனு வாயிலிலேயே நிராகரிக்கப்படும்.

நொடிப்புச் சட்டமும் ஒரு பாடம். 2016இல் அச்சட்டம் வந்தபோது, ஒரு லட்ச ரூபாய் நிலுவைக்கும் சரக்கு வழங்கியவர் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றிருந்தது. 2020 மார்ச்சில் இவ்வரம்பு ஒரு கோடியாக உயர்ந்தது. பழைய வழியை நம்பி அறிவிப்பு அனுப்பும் வழக்கறிஞர், கட்சிக்காரரின் பணத்தையும் காலத்தையும் வீணாக்குகிறார். புனேயிலிருந்து தொடரப்படும் இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வே விசாரிக்கிறது என்பதையும் நினைவில் கொண்டால், பயன் தராத பயணத்தின் செலவு விளங்கும்.

இப்பிழைகள் எவையும் நேர்மைக் குறைவால் நேர்வன அல்ல. தனித்து உழைக்கும் வழக்கறிஞருக்கு, காலையில் நீதிமன்றமும் மாலையில் கட்சிக்காரர்களும் போக, புதிய தீர்ப்புகளைப் படிக்க நேரம் கிடைப்பதில்லை. பெரிய சட்ட நிறுவனங்களில் அதற்கெனவே ஆட்கள் உள்ளனர். சிறிய அலுவலகத்தில் இல்லை. சிறு பட்டறையோ சிறிய அலுவலகத்தைத்தான் நாடுகிறது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது சங்கமே.

சங்கம் ஆற்ற வேண்டிய பணி

ஆண்டுக்கு ஒரு மாநாடும் விருந்தும் நடத்துவதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடாது. முதலாவது, படிப்பு வட்டம். திங்களுக்கு ஒரு மாலை, ஒரு தீர்ப்பு அல்லது ஒரு திருத்தம், பதினைந்து இருபது பேர் என்ற அளவில் அது அமைந்தால் போதும். பேச்சாளர் பேசிவிட்டுப் போவதைக் காட்டிலும், உறுப்பினர் தம் கையிலுள்ள சிக்கலைக் கட்சிக்காரரின் பெயர் வெளிப்படாமல் முன்வைத்து விவாதிப்பது அதிகப் பயன் தரும். இரண்டாவது, இளையோர் பயிற்சி. அறிவிப்பு எழுதுதல், ஒப்பந்தம் வரைதல், வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்தல் ஆகியவற்றை மூத்தோரின் மேற்பார்வையில் இளையோர் செய்து பழக வேண்டும். மூன்றாவது, தொழிற்பேட்டைகளில் ஆலோசனை முகாம். பதிவுச் சான்றிதழ், கொள்முதல் ஆணை, சரக்கு ஏற்புச் சீட்டு ஆகிய மூன்றையும் ஒழுங்காக வைத்திருப்பது எப்படி என்று மராத்தியில் ஓர் எளிய கையேடு தந்தாலே, வழக்குகளில் பாதிச் சிக்கல் தோன்றாது. நான்காவது, சட்டத்தின் குறைகளை நடைமுறை அனுபவத்தோடு அரசுக்கு எடுத்துரைத்தல்.

இவற்றுக்கு முன்னோடிகள் உள்ளனர். கம்பெனிச் செயலாளர்களின் அமைப்பு 1968இல் ஒரு நிறுவனமாகத் தொடங்கி, 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டப்பூர்வ அமைப்பாயிற்று. புனேயிலும் அதற்குக் கிளை உண்டு. அவ்வமைப்பும் பட்டயக் கணக்காளர் அமைப்பும் தம் உறுப்பினர்களுக்குத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியுள்ளன. வழக்கறிஞர்களுக்கோ, தொழிலில் நுழையும்போது 2011 முதல் அகில இந்தியத் தேர்வு நடைபெறுகிறதேயன்றி, அதன் பின்னர் நாடு தழுவிய கட்டாயக் கல்வி ஏதுமில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1975இலேயே வழக்கறிஞர்களின் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டு வழக்கறிஞர் சங்கத்தின் வணிகச் சட்டப் பிரிவு 1946 முதல் தனி இதழ் நடத்திவருகிறது. அச்சங்கத்தினர் 1950இல் வெளியிட்ட மாதிரி நிறுவனச் சட்டத்தைப் பின்பற்றிப் பல மாநிலங்கள் தம் சட்டங்களை அமைத்துக்கொண்டன.

எனினும், மணிக்கணக்கு எண்ணுவதே கல்வியாகிவிடாது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் ஆண்டுக்கு 16 மணிநேரப் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி நெடுநாள் இருந்தது. 2016 நவம்பரில் அதைக் கைவிட்டு, தம் பணியில் உள்ள குறையைத் தாமே ஆராய்ந்து அதற்கேற்பக் கற்கும் பொறுப்பை ஒவ்வொருவர் மீதும் சுமத்தினர். கையொப்பமிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருப்பதற்கும் கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை இம்மாற்றம் உணர்த்துகிறது.

ஓர் ஐயமும் எழலாம். வாங்கும் பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞரும் சரக்கு வழங்கும் பட்டறையின் வழக்கறிஞரும் ஒரே சங்கத்தில் இருக்கையில், சங்கம் யார் பக்கம் நிற்கும்? யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை. 90 நாள், 120 நாள் தவணை என்று கொள்முதல் ஆணையில் எழுதுபவரும் ஒரு சட்ட ஆலோசகரே. அந்த வாசகம் சட்டத்தின் முன் செல்லாது. கூட்டுவட்டியும் வரிச் சுமையும் தம் கட்சிக்காரரையே வந்தடையும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தால், தகராறு தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும். இரு தரப்பாரின் வழக்கறிஞரும் ஒருங்கே கற்பதால் வழக்குகள் குறையுமேயன்றி, எவருடைய நலனும் கெடாது.

இது புனேக்கு மட்டும் உரிய செய்தியன்று. கோவையின் பம்புசெட்டுப் பட்டறைகளுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு ஆலைகளுக்கும் இதே சட்டங்கள்தாம், இதே நிலுவைகள்தாம். சூபா கிராமத்துக் குடியானவர்கள் காகிதத்தைக் கொளுத்தினர். அதைப் படித்துக் காட்டி அவர்களுக்காக வாதிட ஆள் இல்லாத காலம் அது. இன்று பட்டறை உரிமையாளரின் கையில் உள்ள காகிதம் அவருக்குச் சாதகமானது. அதைச் சரியாகப் படித்துச் சொல்ல, அன்றாடம் கற்கும் வழக்கறிஞர் ஒருவர் அவருக்குக் கிடைக்கும்படி செய்வதே, அத்தொழிலினரின் சங்கங்கள் நாட்டின் வளர்ச்சிக்கு ஆற்றக்கூடிய தொண்டாகும்.